சுருதி மட்டும் பென்சிலில்

நின்றபடி வாசிக்கும் பெரிய பேஸ் என்ற தந்தி வாத்தியத்தைக் காரில் ஏற்றுவதற்கு ஒரு வழி இருக்கிறது. முன்சீட்டு ஒன்றை முழுவதும் சாய்த்துவிட்டு, பின்கதவு வழியாக உள்ளே தள்ளி, கழுத்துப் பகுதி டிரைவரின் தோள் பக்கம் வருகிற மாதிரி பக்கவாட்டில் படுக்கவைக்க வேண்டும். தந்திகளைத் தாங்கும் மரப் பாலத்தில் மட்டும் எதுவும் இடிக்கக் கூடாது. அமெரிக்காவில், வர்ஜீனியா மலையில் ஒரு சின்னக் கோயிலுக்கு (தேவாலயத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்) வெளியே, சரளைக்கல் தரையில் நின்று ஒரு பெரியவர் இதை எனக்குக் காட்டிக்கொடுத்தார். பாட்டைப் பற்றி அன்றைக்கு ஒன்றுமே சொல்லவில்லை. "வாத்தியம் முழுசாகப் போய்ச் சேர்ந்தால்தானே வாசிக்க முடியும்" என்றார், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் பதினான்கு வருடம் அவருக்குப் பின்னால் நின்று பேஸ் வாசித்தேன். அவர் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகளின் ஊரான நாஷ்வில்லில் பெரிய கம்பெனி எதிலும் அவர் பாட்டு வந்ததில்லை. ஆனால் வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையிலும் டென்னசியின் வடகிழக்கு மூலையிலும் நாலைந்து மாவட்டங்களில், ஐம்பது வயதுக்கு மேற்பட்ட யாரிடம் அவர் பெயரைச் சொன்னாலும், "எங்கள் அம்மாவின் அடக்கத்துக்குப் பாடியவர்" என்பார்கள். வட்டாரப் பாடகர் என்றால் இதுதான். இப்படிப்பட்டவர்களின் வாழ்க்கையைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் படித்ததில்லை. நான் பார்த்ததையும் கற்றுக்கொண்டதையும் சொல்கிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரன். 2009-ல் வேலைக்காகக் கிங்ஸ்போர்ட் வந்தேன். டென்னசியின் விளிம்பில், மலைகளுக்கு நடுவே இருக்கிற தொழிற்சாலை ஊர். அப்பா எங்கள் கோயிலில் ஆர்மோனியம் வாசித்தவர், எனக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். கல்லூரியில் பேஸ் கிட்டார் பிடித்தேன். வந்த புதிதில் என்னோடு வேலை செய்தவர் ஒருவர், "எங்கள் கோயிலில் பேஸ் வாசிக்க ஆளில்லை, ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா?" என்று கேட்டார். போனேன். நாற்பது பேர் உட்காரும் மரக் கட்டிடம். ஓரமாக ஒரு பழைய பியானோ, ஒரு மேண்டலின், ஒரு கிட்டார். கிட்டாரோடு நின்றவர்தான் பெரியவர். அப்போது அவருக்கு அறுபத்து நான்கு வயது.

முதல் பாட்டு 'அமேசிங் கிரேஸ்'. அவர் முதல் வரியைப் பாடியதுமே எனக்கு உடம்பு சிலிர்த்தது. அது மோகனம். ச ரி க ப த, அந்த ஐந்து ஸ்வரங்களைத் தாண்டி அந்த மெட்டு எங்கேயும் போவதில்லை. வார்த்தையை எழுதியவர் ஜான் நியூட்டன் என்ற இங்கிலாந்துப் போதகர், 1779-ல் அச்சில் வந்தது. இன்று உலகம் முழுக்கப் பாடுகிற மெட்டோடு அதைச் சேர்த்தது அமெரிக்காவில், 1835-ல், வில்லியம் வாக்கர் என்பவர் போட்ட பாட்டுப் புத்தகம். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இந்த மலைக்காரர்களின் பாட்டுக்குள் நுழைய எனக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது.

அங்கே சபையில் எல்லோருக்கும் எல்லோரும் பிரதர், சிஸ்டர்தான். அப்பா வயதில் இருப்பவரைப் பிரதர் என்று கூப்பிட எனக்கு நாக்கு வரவில்லை, 'சார்' என்றேன். தெற்குப் பக்கத்து அமெரிக்காவில் அது நல்ல மரியாதைச் சொல். அவர் என்னை 'மகனே' என்றார். இன்றுவரை அப்படித்தான்.

கன்ட்ரி இசை என்றால் நம் ஊரில் தொப்பியும் குதிரையும்தான் ஞாபகம் வரும். அது பிறந்த இடம் என்று சொல்லப்படும் பிரிஸ்டல், கிங்ஸ்போர்ட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம். ஊரின் பெரிய தெருவின் நடுவில் மாநில எல்லை ஓடுகிறது, ஒரு பக்கம் டென்னசி, எதிர்ப்பக்கம் வர்ஜீனியா. அந்தத் தெருவில், முன்பு தொப்பிக் கம்பெனி இருந்த ஒரு கட்டிடத்தில்தான் 1927 ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை ரால்ஃப் பீர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்துக்கொண்டு மலைப்பாட்டுக்காரர்களை வரவழைத்தார். ஒரு பாட்டுக்கு 50 டாலர். கன்ட்ரி இசையின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் வெளி உலகத்துக்குத் தெரிந்தது அந்தப் பன்னிரண்டு நாளில்தான். அங்கே பதிவான பாட்டுகளைக் கேட்டால் ஒன்று புரியும். பக்திப் பாட்டும் நாட்டுப் பாட்டும் அவர்களுக்கு இரண்டு அல்ல. சனிக்கிழமை இரவு திண்ணையில் வாசித்த அதே கை ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலில் வாசிக்கும்.

பெரியவர் அந்த வழிதான். வைஸ் கவுண்டியில் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் தானும் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி, இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தார். வாரம் முழுக்கப் பூமிக்கடியில், ஞாயிறு மேடையில். அந்த இருபத்திரண்டு வருடம் அவர் பாட்டை என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். இந்தக் கட்டுரையின் உயிரே அதுதான்.

முதல் மாதம் நான் நிறைய வாசித்தேன். கல்லூரி மேடைப் பழக்கம், காலி இடம் பார்த்தால் நிரப்பிவிடுவேன். மூன்றாவது ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெரியவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "மகனே, நீ வாசிப்பது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா இருந்தார்களே, போன வாரம் வீட்டுக்காரரை அடக்கம் செய்தவர்கள். அவர்கள் காதுக்கு என் வார்த்தை போய்ச் சேரவில்லை." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த அம்மாவின் முகம்தான்.

இந்த இசையில் பேஸின் வேலை மிக எளிது. நான்கு எண்ணிக்கை உள்ள பாட்டில் ஒன்றிலும் மூன்றிலும் அடிக்க வேண்டும். முதலில் கார்டின் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தின்) அடிஸ்வரம், அடுத்தது அதன் ஐந்தாவது. இரண்டிலும் நான்கிலும் மேண்டலின் 'சக்' என்று வெட்டும். மூன்று எண்ணிக்கைப் பாட்டென்றால் ஒன்றில் மட்டும் ஒரே அடி. அடிஸ்வரமும் ஐந்தாவதும் என்றால் நம் கணக்கில் ச-வும் ப-வும். தம்புரா செய்கிற அதே வேலை! நான் தம்புராக்காரன் என்று மனதில் பதிந்த நாளிலிருந்து என் விரல் அடங்கியது. கச்சேரியில் தம்புரா போடுகிறவரைப் பார்த்து யாரும் கைதட்டுவதில்லை, அது நின்றால் மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். புதிதாகக் கோயிலில் வாசிக்க வருகிற தம்பிகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பாடுகிறவர் மூச்சு வாங்குகிற இடத்தை நிரப்பாதீர்கள், அந்த இடம் அவருடையது.

அடுத்து அவரிடம் ஒரு ஃபைல் இருந்தது. மூன்று வளையம் வைத்த தடித்த ஃபைல், முந்நூறு பாட்டுக்கு மேல். ஒவ்வொரு தாளிலும் பாட்டின் பெயர், அதன் கீழே வெறும் எண்கள். 'அமேசிங் கிரேஸ்' இப்படி இருக்கும்:

1 1 4 1
1 1 5 5
1 1 4 1
1 5 1 1

ஸ்வரக் குறிப்பு கிடையாது, கார்டின் எழுத்தும் கிடையாது. இதற்கு நாஷ்வில் எண் முறை என்று பெயர். ஜோர்டனேர்ஸ் என்ற பாட்டுக் குழுவில் பாடிய நீல் மேத்யூஸ், ஸ்டுடியோவில் வேகமாக வேலை முடிப்பதற்காக 1950-களின் கடைசியில் உண்டாக்கியது. ஸ்கேலின் முதல் ஸ்வரத்தில் நிற்கும் கார்ட் 1, நான்காவதில் நிற்பது 4, ஐந்தாவதில் நிற்பது 5. பாடகர் எந்தச் சுருதியில் கேட்டாலும் தாளை மாற்ற வேண்டியதில்லை.

அமெரிக்காவில் எழுத்தைப் பார்த்தே வாசித்துப் பழகியவர்களுக்கு இது பிடிபடக் கொஞ்ச நாள் ஆகுமாம். எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையில் வைத்தாலும் ச என்றால் ச, ப என்றால் ப. அப்பா அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். நம் ஊரில் சரளி வரிசை பாடிய எந்தக் குழந்தைக்கும் இந்த முறை ஏற்கெனவே தெரியும், அது தனக்குத் தெரியும் என்பதுதான் தெரியாது. வெளிநாட்டில் இருக்கிற நம் பிள்ளைகள் யாராவது சர்ச் இசைக்குழுவில் சேரத் தயங்கினால் தைரியமாகப் போகச் சொல்லுங்கள்.

அந்தத் தாள்களில் எண்கள் எல்லாம் பேனாவில் இருக்கும். மேல் மூலையில் சுருதியின் எழுத்து மட்டும் பென்சிலில். அதிலும் பலமுறை அழித்து எழுதிய தடம். முதலில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2012 வாக்கில் புரிந்தது. ஜி-யில் பாடிக்கொண்டிருந்த பாட்டை ஒருநாள் அதைவிடக் கீழான எஃப்-பில் கேட்டார். அடுத்த வருடம் இன்னும் கீழே, ஈ. அவருக்கு மூச்சு குறைந்துகொண்டே வந்தது. சுரங்கத்தில் இழுத்த தூசி நுரையீரலில் தங்கித் திசுவைத் தடிக்கவைத்துவிடும். அந்தப் பகுதியில் கறுப்பு நுரையீரல் என்பார்கள். சுரங்கத்தை விட்டு வந்து பல வருடம் ஆன பிறகும் முற்றிக்கொண்டே போகும், பழைய நிலைக்குத் திருப்ப மருந்து இல்லை. சுரங்கத் தூசிக்கு அளவு வைத்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவித்தொகைக்கும் வழி செய்த கூட்டாட்சிச் சட்டம் வந்தது 1969-ல். பெரியவர் அதற்கு ஐந்து வருடம் முன்பே இறங்கிவிட்டார்.

மூச்சு குறைகிற பாடகருக்கு எப்படி வாசிப்பது? இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை, பாட்டுக்குப் பாட்டு நாங்களே கண்டுபிடித்தோம். முதலில் சுருதியை இறக்கினோம். ஆனால் சுருதியை இறக்கினால் உச்சஸ்தாயிதான் எளிதாகும், நீளமான வரி எளிதாகாது. பாட்டை வேகப்படுத்திப் பார்த்தோம், வார்த்தைகள் மூச்சிரைத்தன. பிறகு மேண்டலின் வாசிக்கிற அக்காவுக்கு ஒரு யோசனை. ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் அவர் தொட்டுவிட்டு விட்டுவிடுவார், அந்தச் சொல்லை அக்கா மேலேயும் நான் கீழேயுமாக நீட்டிப் பிடிப்போம், அதற்குள் அவர் அடுத்த மூச்சை வாங்கிக்கொள்வார். கேட்கிறவர்களுக்கு அது அழகுக்காகச் செய்த மாதிரிதான் இருக்கும். நான் பாடத் தொடங்கியதே அப்படித்தான். அதுவரை வாயைத் திறக்காதவன்.

அதற்காக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசிக்கப் பழகினேன். தோள்பட்டை லேசாக மேலே ஏறினால் மூச்சு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு சுற்று கூடுதலாக வாத்தியத்தில் போக வேண்டும். இடது கால் குதிகால் தரையைத் தொட்டால் அடுத்த சரணத்தை விட்டுவிடப் போகிறார். பாடகரின் உடம்பைப் படிக்கத் தெரியாத பக்கவாத்தியக்காரர் எத்தனை ஸ்கேல் கற்றும் பிரயோஜனம் இல்லை.

ஒலி அமைப்பு பற்றி ஒரு வார்த்தை. சின்னக் கோயில்களில் இருக்கும் ஸ்பீக்கரை நம்பாதீர்கள். எங்களிடம் ஒரே ஒரு நல்ல கண்டென்சர் மைக் இருந்தது. அதை நடுவில் நிறுத்தி எல்லோரும் அதைச் சுற்றி நிற்போம். பாடுகிறவர் நெருங்குவார், மேண்டலின் தனியாக வாசிக்கும்போது அக்கா ஓர் அடி முன்னே வருவார், பெரியவர் விலகுவார். பேஸ் எப்போதும் பின்னால். சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது காலடியில்தான். பழைய வானொலிக் காலத்து முறை. பத்து நிமிடத்தில் மேடை தயார்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த வாழ்க்கையைச் சொல்ல முடியாது. இந்தப் பாடகர்களுக்குக் கட்டணம் கிடையாது, அன்புக் காணிக்கைதான். பாட்டு முடிந்ததும் தட்டு சுற்றி வரும், விழுந்ததை உறையில் போட்டுக் கொடுப்பார்கள். ஒரு நாள் 60 டாலர், ஒரு நாள் 300. எழுபது மைல் ஓட்டிப்போய்ப் பெட்ரோலுக்குக்கூடத் தேறாத நாளும் உண்டு. எதுவானாலும் உறையை அங்கே வைத்துப் பிரிக்கக் கூடாது என்பது பெரியவரின் கட்டுப்பாடு. காரில் ஒரு நோட்டு வைத்து ஒவ்வொரு பயணத்தின் மைலையும் எழுதிவைப்பார். வரிக் கணக்கில் அது உண்மையான பணம், 2025-க்கு மைலுக்கு 70 சென்ட் கழித்துக்கொள்ளலாம். பாடகர்கள் பலர் இதை எழுதிவைக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

நான் பங்கு வாங்கவில்லை. வாங்க முடியாது. ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர், விசாவுக்கு மனுப் போட்ட நிறுவனத்தைத் தவிர வேறு இடத்தில் காசு வாங்கி வேலை செய்யக் கூடாது. வக்கீலிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொண்டேன். 2021-ல் கிரீன் கார்டு வரும்வரை என் பங்கு எரிபொருளுக்குப் போனது. அமெரிக்காவில் இருக்கிற நம் ஆட்கள், கச்சேரிக்குக் கூப்பிட்டாலும் கோயிலுக்குக் கூப்பிட்டாலும், உறையைக் கையில் வாங்குவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இருபது டாலர்தானே என்று நினைக்காதீர்கள்.

காணிக்கைக்கு அடுத்த வருமானம் வாசல் மேஜையில் வைத்து விற்கும் சிடி. இதற்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. 1910-ல் டென்னசியின் லாரன்ஸ்பர்க்கில் ஜேம்ஸ் வான் என்ற பாட்டுப் புத்தக வெளியீட்டாளர், தன் புத்தகங்களை விற்பதற்காக நான்கு பாடகர்களுக்குச் சம்பளம் கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார். நற்செய்திப் பாட்டுக் குழு என்கிற தொழிலே அங்கிருந்து வளர்ந்ததுதான். பாடுவது, பிறகு வாசலில் நின்று புத்தகம் விற்பது. நூறு வருடத்துக்குப் பிறகும் மேஜை அதே இடத்தில்தான் இருக்கிறது.

2013-ல் நாங்கள் ஒரு சிடி போட்டோம், 500 பிரதி. அதில் ஒரு தப்பு செய்தோம். 'ஐ'ல் ஃப்ளை அவே' என்ற பாட்டு, இந்தப் பக்கத்தில் அடக்க ஆராதனைகளில் தவறாமல் பாடுவது. ஆதிகாலத்துப் பாட்டு என்று நினைத்து அனுமதி வாங்காமல் சேர்த்துவிட்டோம். ஆனால் அதை எழுதியவர் ஆல்பர்ட் பிரம்லி, 1929-ல் எழுதி 1932-ல் வெளியானது, இன்னும் காப்புரிமையில் இருக்கிறது. உரிமைக்காரர்களிடமிருந்து கடிதம் வந்தபோது பெரியவர் இரண்டு நாள் தூங்கவில்லை. "அடுத்தவன் பாட்டைத் திருடிக் கர்த்தரைப் புகழ்ந்துவிட்டேனே" என்று புலம்பினார். நியாயமான கடிதம்தான். அப்போதைய சட்டப்படி ஒரு பிரதிக்கு 9.1 சென்ட். 500 பிரதிக்கு 45 டாலர் 50 சென்ட். முன்பே கட்டியிருந்தால் அவ்வளவுதான், எந்தக் கவலையும் இல்லை. அமெரிக்காவில் 1923 முதல் 1977 வரை வெளியாகி, உரிமை முறையாகப் புதுப்பிக்கப்பட்ட பாட்டுக்குக் காப்புரிமை 95 வருடம். மெட்டு பழையது என்பதால் வார்த்தையும் பழையது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒவ்வொரு பாட்டையும் தேடிப் பாருங்கள். ஆராதனையில் நேரில் பாடுவதற்கு அனுமதி தேவையில்லை, அதைச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. அதே ஆராதனையை இணையத்தில் நேரலையாக விட்டால் கதை வேறு, அதற்குத் தனி உரிமம் வேண்டும். 2020-ல் கோயில்கள் மூடியபோது எல்லோரும் அவசர அவசரமாகத் தெரிந்துகொண்ட விஷயம் இது.

அந்த 2020 வசந்தத்தில் ஒரு கோயிலின் கார் நிறுத்துமிடத்தில், லாரியின் திறந்த தட்டில் நின்று வாசித்தோம். சனங்கள் காருக்குள் உட்கார்ந்து ரேடியோவில் கேட்டார்கள். 'ஆமென்' சொல்ல வேண்டிய இடத்தில் ஹாரன். பெரியவருக்கு அந்த வருடம் வெளியே வருவதே ஆபத்து. வந்தார். முகக்கவசத்தை இறக்கி இரண்டு சரணம் பாடினார், ஏற்றிக்கொண்டார்.

எல்லாக் கோயிலும் என்னை ஒரே மாதிரி ஏற்றுக்கொண்டது என்று சொன்னால் பொய். "நீ எப்போது கிறிஸ்தவனானாய்?" என்று கேட்பார்கள். என் தாத்தாவின் தாத்தா ஞானஸ்நானம் பெற்றவர் என்று சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் தஞ்சாவூரில் உட்கார்ந்து கீர்த்தனைகள் எழுதியபோது இந்த மலைகளில் பல ஊர்களே இல்லை என்று ஒருமுறை சொன்னேன். அந்தப் போதகர் அடுத்த வாரமே எங்கள் பாட்டைப் பற்றிப் பேச எனக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கினார். வேறொரு கோயிலில் ஒருவர் என்னைக் காட்டி, "இவர் மேடையில் நிற்க வேண்டுமா?" என்று பெரியவரிடம் கேட்டார். பெரியவர் பதில் சொல்லவில்லை. கிட்டாரைப் பெட்டியில் வைத்தார், மைக்கைக் கழற்றினார். பேஸின் அடிப்பக்கத்தை அவரே தூக்கிக்கொண்டு வந்தார், நான் கழுத்தைப் பிடித்தேன். அந்தப் பக்கம் அப்புறம் போகவில்லை.

அன்று திரும்பும்போது கிங்ஸ்போர்ட்டில் காரை மெதுவாக ஓட்டச் சொல்லி, லெஸ்லி ரிடிலைப் பற்றிச் சொன்னார். அந்த ஊரில் வாழ்ந்த கறுப்பின கிட்டார் கலைஞர். சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். கார்ட்டர் குடும்பத்தின் ஏ. பி. கார்ட்டர் மலைமலையாகப் பாட்டு தேடி அலைந்தபோது கூடவே போனவர் இவர். கார்ட்டர் வார்த்தையை எழுதிக்கொள்வார், மெட்டைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி வருவது ரிடிலின் வேலை. மேபெல் கார்ட்டர் அவரிடம் கிட்டார் நுணுக்கம் கற்றார். "எங்கள் பாட்டில் பாதி அந்த மனிதன் ஞாபகத்தில் வந்தது. இதைத் தெரியாதவன்தான் இன்றைக்கு அப்படிக் கேட்டான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தெரிந்தும் கேட்பார்கள்" என்றார்.

நல்ல நாட்களைச் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கோயிலிலும் 'ஹோம்கமிங்' வரும், வெளியூரில் இருப்பவர்கள் எல்லாம் தாய்க்கோயிலுக்குத் திரும்புகிற ஞாயிறு. ஆராதனை, பாட்டு, பிறகு மரத்தடியில் நீள மேஜை போட்டுச் சாப்பாடு. பொரித்த கோழி, சோள ரொட்டி, பீன்ஸ், வாழைப்பழ புட்டிங். எங்கள் ஊர்க் கோயில் விருந்தான அசனம்தான், சோறும் குழம்பும் மட்டும் இல்லை. அந்தக் குறையையும் என் மனைவி தீர்த்துவைத்தாள். எலுமிச்சைச் சாதம் ஒரு பெரிய அலுமினியத் தட்டில். முதல் வருடம் எல்லோரும் ஒரு கரண்டி ருசி பார்த்தார்கள். மூன்றாவது வருடம், "மஞ்சள் சாதம் வருகிறதா?" என்று இரண்டு வாரம் முன்பே தொலைபேசியில் கேட்டார்கள். கோடைக்கு முன் ஒரு ஞாயிறு கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்து பூ வைப்பார்கள், டெகரேஷன் டே என்று பெயர். கல்லறைத் திருநாளன்று பாளையங்கோட்டையில் அம்மாவோடு மெழுகுவர்த்தி ஏற்றப் போனது போலவே எனக்கு இருக்கும்.

அடக்கங்கள்தான் இந்த வேலையின் பெரும்பகுதி. ஒரு ஜனவரியில், மலைச்சரிவில் குழியோரம். குளிரில் பேஸ் தந்தி நிலைகொள்ளவில்லை, அக்காவின் விரல் மேண்டலினில் பதியவில்லை. பெரியவர் கையை அசைத்து வாத்தியங்களைக் கீழே வைக்கச் சொன்னார். பிறகு ஒரு வரியை வேகமாக, ராகமிழுத்துச் சொன்னார். கூட்டம் அதே வரியை மிக மெதுவாக, ஒவ்வொரு எழுத்தையும் வளைத்து இழுத்துப் பாடியது. அடுத்த வரி. மறுபடியும். 'ஓல்ட் ரெகுலர் பாப்டிஸ்ட்' என்ற சபைகளில் இன்றும் இருக்கிற முறை. புத்தகம் இல்லாத, படிக்கத் தெரியாத காலத்தில் ஒருவர் வரி சொல்ல மற்றவர்கள் பாடியது. எங்கள் கிராமத்தில் உபதேசியார் இப்படித்தான் வரி சொல்லிக்கொடுத்தார் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்கக் கிடைத்ததோ வர்ஜீனியாவில், உறைபனியில். அன்று கற்றது: வாத்தியத்தைக் கீழே வைக்க எப்போதும் தயாராக இருக்க வேண்டும். பாட்டு நம்முடையது இல்லை, நின்றுகொண்டிருக்கிறவர்களுடையது.

2023-ல் அவர் மேடையிலிருந்து இறங்கிவிட்டார். மூக்கில் ஆக்சிஜன் குழாய், பக்கத்தில் எப்போதும் இயந்திரத்தின் ஓசை. இப்போது அக்காவும் நானும் இன்னொரு தம்பியும் போகிறோம். நான்தான் முன்வரிசையில் பாடுகிறேன். வியாழக்கிழமை மாலையில் அவர் வீட்டுத் திண்ணையில் ஒத்திகை. அவரால் பாட முடியாது. நாற்காலிக் கையில் இரண்டாவது, நான்காவது எண்ணிக்கைகளைத் தட்டுவார். நான் வேகம் எடுத்தால் தட்டுவதை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான் திட்டு.

போன மாதம், "உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடு மகனே" என்றார். அப்பா ஆர்மோனியத்தில் சொல்லிக்கொடுத்த ஒரு கீர்த்தனை, மோகனத்தில். பல்லவி முடிவதற்குள் தட்ட ஆரம்பித்துவிட்டார். முடித்ததும் ஃபைலைக் கேட்டார். கடைசித் தாளில் ஒன்று, நான்கு, ஒன்று, ஐந்து என்று ஒவ்வொரு எண்ணாக என்னிடம் கேட்டுக் கேட்டுப் பேனாவில் எழுதினார். கை நடுங்கியது, நாலு வரி எழுதக் கால்மணி நேரம் ஆனது. பெயர் எழுத வரவில்லை, 'பேஸ்காரனின் ஊர்ப் பாட்டு' என்று எழுதினார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, சட்டைப் பையைத் தடவி ஒரு பென்சிலை எடுத்து, மேல் மூலையில் 'டி' என்று எழுதினார்.